பிள்ளை இண்டைக்குக் கடைக்கு வந்தவளோ?

ஒருத்தர் பாண் சுடுறதை இன்னொருத்தர் குந்தியிருந்து பார்க்கிற காலம் வரும் எண்டு ஆரும் எனக்கு முந்திச் சொல்லியிருந்தால், உனக்கென்ன விசரோ எண்டு கேட்டிருப்பன். வந்திட்டுது. என்ர மகள் சனிக்கிழமை விடிய எழும்பி, முகமும் கழுவாமல், மொன்றியலில கோட்-டெ-நெய்ஜில இருக்கிற எங்கட வீட்டுச் செற்றியில காலை மடக்கிக்கொண்டு இருந்து போனில அதைத்தான் பார்ப்பாள். இங்கிலாந்தில எங்கையோ ஒரு சின்ன ஊரில ஒரு மனுசி. கேத்திலைப் போடுவா. பாணைச் சுடுவா. யன்னலுக்கால மழையைப் பார்த்து "ஓ டியர்" எண்டுவா. பேந்து குடையை எடுத்துக்கொண்டு போய் ஒரு பெட்டி முட்டை வாங்கிக்கொண்டு வருவா. படம் முடிஞ்சுது. அரை மணித்தியாலம்!

"இதுக்குள்ள என்னடி இருக்கு?" எண்டு கேட்டன்.

"நிம்மதி இருக்கம்மா," எண்டாள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இருபத்திமூண்டு வயசு. கேபெக்கில பிறந்து, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில படிச்சு, கார்டெரியில சின்னப்பிள்ளையளைப் பார்க்கிற வேலை. உனக்கென்ன நிம்மதி இல்லாமப் போச்சு எண்டு ஒரு பாட்டம் கத்தினன். அவளும் திருப்பிக் கத்தினாள். எங்கட வீட்டில அப்பிடித்தான். நான் தமிழில தொடங்குவன், அவள் பாதி தமிழிலயும் பாதி பிரெஞ்சிலயும் முடிப்பாள், இவர் எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்துவார். பத்து நிமிசத்தில எல்லாம் ஆறி, "அம்மா, சாப்பிட என்ன இருக்கு?" எண்டு வந்து நிப்பாள். சண்டை போட்டால்தான் எங்களுக்குப் பசிக்கும்.

சரி, என்னில பிழை இல்லை எண்டு நான் சொல்ல வரேல்ல. இந்த இங்கிலாந்து விசர் அவளுக்கு வானத்தில இருந்து விழேல்ல. எனக்கு டோர்வல் எயார்போர்ட்டில வேலை, பிளேனுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிற இடத்தில. பதினெட்டு வருசம். எத்தினையோ ஊருக்குத் தட்டு அடுக்கிறன், ஆனால் லண்டன் தட்டு வந்தால் என்ர கை தானா மெதுவாகும். சின்ன ஜாம் போத்தல், சின்னக் கிறீம், ஒரு குட்டிக் கேக், தேத்தண்ணிக் கோப்பை. கோப்பையின்ர பிடி ஒரே பக்கம் பார்க்க வேணும் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. நான் வைப்பன். வீட்டை வந்து அதைப் பிள்ளைக்குக் கதை கதையாச் சொல்லுவன். "அந்த ஆக்கள் தேத்தண்ணியையும் ஒரு பூசை மாதிரி வடிவாக் குடிப்பினம்" எண்டு சொன்னது ஆர்? நான்தான்.

லண்டனில என்ர தம்பி இருக்கிறான். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவான். அவன்ர பெட்டியைத் திறந்தால் உடுப்பு அரைவாசி, பிஸ்கற் ரின்னும் தேயிலைப் பெட்டியும் அரைவாசி. எங்கட இலங்கை மலையில விளைஞ்ச தேயிலை கப்பலேறி லண்டனுக்குப் போய், அங்க பெட்டிக்குள்ள அடைபட்டு, திரும்ப பிளேனேறி மொன்றியலுக்கு வருது. நாங்கள் அதை "லண்டன் தேயிலை" எண்டு மூடி வச்சு, ஆக்கள் வந்தால்தான் எடுப்பம். வெக்கக்கேடு எண்டு எனக்கும் தெரியும். ஆனால் குடிச்சால் நல்லாத்தான் இருக்கும், அதையும் சொல்ல வேணும்.

மகளுக்கு ரின்னில எல்லாம் ஆசை இல்லை. அவளுக்குப் பிடிச்சது அந்தச் சனத்தின்ர பழக்கம். பஸ்ஸால இறங்கேக்க ட்ரைவருக்கு நன்றி சொல்லுவினமாம். நீங்கள் போய் அவையளை இடிச்சால் அவையள் மன்னிப்புக் கேப்பினமாம். வரிசையில ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் பேசாம நிப்பினமாம். வீட்டு வாசலில பூச்சட்டி தொங்கவிடுவினமாம். "அங்க ஒருத்தரும் கத்திறேல்ல அம்மா," எண்டாள் ஒரு நாள். "ஒருத்தரும் மற்றாக்களின்ர விசயத்துக்குள்ள வாறேல்ல."

அது எனக்குச் சுருக்கெண்டு குத்தினது. நான் கத்துறவள், எல்லா விசயத்துக்குள்ளயும் வாறவள். வேற ஆர் வருவினம், அவளின்ர விசயத்துக்குள்ள?

போன வருசம் பங்குனியில, வெளியில பனி கொட்டிக்கொண்டிருக்கேக்க, சோத்துக் கோப்பையைக் கையில வச்சுக்கொண்டு சொன்னாள். இளம் ஆக்கள் ரெண்டு மூண்டு வருசம் அங்க போய் வேலை செய்யிற விசா ஒண்டு இருக்காம். போட்டிட்டாளாம். கிடைச்சிட்டுதாம். கேட்டது இல்லை, சொன்னது. நான் கத்தின கத்தில மேல்மாடி ஆக்கள் நிலத்தில தட்டினவை.

ரெண்டு கிழமை சண்டை. கடைசியா நான் இறங்கி வந்தன். "சரி, போ. மாமா வீட்டில இரு. மாமி சமைச்சுத் தருவா, பக்கத்தில கோயில், எங்கட சனம்."

"மாமா வீடு இங்கிலாந்து இல்லை அம்மா," எண்டாள். "அது மாமா வீடு."

வடக்கில, லண்டனில இருந்து காரில நாலு அஞ்சு மணித்தியாலம் தள்ளி, ஒரு சின்ன ஊரைப் பிடிச்சிருந்தாள். ஒரு ஆறு, ஒரு பாலம், ஒரு தேத்தண்ணிக் கடை, அந்தத் தேத்தண்ணிக் கடையில அவளுக்கு வேலை. ஒரு வயசான சோடியின்ர வீட்டு மேலறையில வாடகை. போனில படம் காட்டினாள். ஓம், வடிவுதான். வடிவில்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? நானும் தலையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தனான்.

அந்த எயார்போர்ட்டுக்குப் பதினெட்டு வருசமா நான் பின்பக்கத்தால போறவள். அண்டைக்குத்தான் முன்பக்கத்தால போனன். அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளுக்குப் போய், ஒருக்காத் திரும்பிக் கை காட்டினாள். இவர் கண்ணைத் துடைச்சார். நான் அழேல்ல. நான் ஏற்கனவே தம்பிக்குப் போன் எடுக்கிறதா முடிவு பண்ணியிருந்தன்.

இனிச் சொல்லப்போறதைக் கேட்டிட்டு நீங்கள் என்னை ஏசலாம். எங்கட சனத்தில ஒரு தாய் செய்யிற வேலையைத்தான் நான் செய்தன். தம்பியைக் கூப்பிட்டு, "அந்த ஊரில எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு பார்" எண்டன். அவன் சிரிச்சான். "அக்கா, அது வெள்ளைக்காரன்ர பட்டிக்காடு. அங்க ஆர் இருக்கப்போகினம்?" எண்டான். ஆனால் மூண்டே மூண்டு போனில ஆள் பிடிபட்டிட்டுது! தம்பியோட முந்தி வேலை செய்தவர், அவற்ற மச்சான், அந்த மச்சானுக்குத் தெரிஞ்ச குடும்பம். மகள் இருக்கிற வீட்டில இருந்து மூண்டாவது சந்தியில, பாலும் பேப்பரும் சிகரெட்டும் விக்கிற சந்திக்கடை. வடமராட்சி ஆக்கள். கடையில நிக்கிறது மனுசி. என்னை விடப் பத்து வயசு குறைவு. குரலைக் கேட்ட உடனயே எனக்குப் பிடிச்சுப்போச்சு.

"தங்கச்சி," எண்டன், "என்ர பிள்ளை உங்கட ஊருக்குத் தனிய வந்திருக்கிறாள். ஒருக்கா ஒரு கண் வச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் நான் கதைச்சது அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சால் என்னை உயிரோட விடமாட்டாள்."

"ஐயோ அக்கா, எனக்குச் சொல்ல வேணுமே? எனக்கும் பிள்ளையள் இருக்கு. படத்தை அனுப்புங்கோ, வந்தால் பார்த்துக்கொள்ளுறன்," எண்டா.

படத்தை அனுப்பினன். ஊர், அப்பா ஆர், அம்மா ஆர், எந்தக் கோயில் பங்கு, இறால் ஒத்துவராது, எல்லாம் சொல்லித்தான் அனுப்பினன். அடுத்த நாள் இஞ்ச மத்தியானம், வேலையில சாப்பாட்டு நேரம், போன் துடிச்சுது. "அக்கா, பிள்ளை வந்தவள். பால், பாண், ரின் பீன்ஸ். சிரிச்ச முகம்." அந்தோனியாரே! நான் கையுறையையும் கழட்டாமல் அதை மூண்டு தரம் வாசிச்சன்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி. பிள்ளை இண்டைக்குக் கடைக்கு வந்தவளோ? ஒரு நாளைக்குச் சொக்லேற் வாங்கினவள். ஒரு நாளைக்குத் தலைமுடியைக் கட்டையா வெட்டிக்கொண்டு வந்தவள், அவள் சொல்ல முதலே எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு மழையில நனைஞ்சு வந்து, கடைக்காரத் தங்கச்சி துவாய் எடுத்துக் குடுத்தவ. அவள் வீட்டில இருக்கேக்கயும் எனக்கு இவ்வளவு தெரியாது, பாருங்கோ.

மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில எடுப்பாள். எல்லாம் வடிவு. ஆறு வடிவு, வேலி வடிவு, தேத்தண்ணிக் கடைக்கு வாற கிழவர்மார் பகிடி. ஒரு நாள் சொன்னாள், "அம்மா, இஞ்ச சந்திக்கடையில ஒரு அன்ரி இருக்கிறா. சிறீலங்காவாம். ஆனால் இந்த ஊர் ஆள் மாதிரியே கதைப்பா. ஒவ்வொரு நாளும் 'ஹலோ, லவ்' எண்டு சொல்லுவா. இஞ்சத்தை ஆக்கள் எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுறது. எனக்குச் சரியான விருப்பம் அவவில."

"ஓ, அப்பிடியே?" எண்டன். சிரிப்பை அடக்க வாயில துணியை வச்சன்.

"எங்கட ஆக்கள் மாதிரி இல்லை அம்மா. எந்த ஊர், அப்பா ஆர், ஏன் கலியாணம் கட்டேல்ல எண்டு ஒரு கேள்வி கேக்கேல்ல. அவ்வளவு மரியாதை."

கேக்க அவவுக்கு என்ன கிடந்தது? நான்தான் எல்லாம் சொல்லிப்போட்டனே! போனை வச்சிட்டு இவரிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சன். இவர் சிரிக்கேல்ல. "இஞ்சாரும், உது சரியில்லை," எண்டார். "பிள்ளை நம்பிக்கொண்டிருக்கு." நான் அவரைப் பேசாம இருக்கச் சொன்னன். அண்டைக்கு அவற்ற சொல்லைக் கேட்டிருக்கலாம்.

ஐப்பசி வர அந்தச் செய்தியளின்ர முகம் மாறத் தொடங்கினது. முதலில ஒரு சின்ன விசயம். முன்வீட்டுச் சோடி, பக்கத்து வீட்டு மனுசி, தேத்தண்ணிக் கடைக்கு வாற ஒருத்தி, எல்லாரும் மகளைப் பார்த்து, "நீ கட்டாயம் ஒரு நாளைக்கு வீட்டுக்கு வரவேணும்" எண்டு சொல்லுவினமாம். இவள் எங்கட பிள்ளையெல்லே. வரச் சொன்னால் போக வேணும். ஞாயிறு பின்னேரங்களில வேற அலுவல் வைக்காமல், நல்ல உடுப்புப் போட்டு, ஒரு கேக்கும் செய்து வச்சுக்கொண்டு, எந்த ஞாயிறு எண்டு சொல்லுவினம் எண்டு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒருத்தரும் நாள் சொல்லேல்ல. கேக்கைக் கொண்டுவந்து கடைக்காரத் தங்கச்சியிட்டக் குடுத்தவளாம். "கூடச் செய்திட்டன், நீங்கள் சாப்பிடுங்கோ" எண்டு சிரிச்சுச் சொன்னவளாம்.

"அக்கா, இந்தச் சனம் கெட்ட சனம் இல்லை," எண்டா தங்கச்சி. "நாங்கள் 'பேந்து சந்திப்பம்' எண்டு சொல்லுறமெல்லே, அது மாதிரி அவையளுக்கு அது. எனக்கும் வந்த புதுசில விளங்கேல்ல. பிள்ளைக்குச் சொல்ல வாய் வருகுது, ஆனால் என்னெண்டு சொல்லுறது?"

மார்கழிக்குள்ள தேத்தண்ணிக் கடையைப் பனிக்காலத்துக்குப் பூட்டிப்போட்டினம். மாசிக்குப் பிறகு பார்ப்பம் எண்டு சொன்னவையாம். மகள் எனக்குச் சொல்லேல்ல. "வேலை எப்பிடிப் பிள்ளை?" எண்டு கேட்டன். "இப்ப கொஞ்சம் அமைதி அம்மா," எண்டாள். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. இந்தக் கதை எங்க பழகினவள்? எங்கட வீட்டில வேலை போனால், போன அண்டே மூண்டு வீட்டுக்குக் கேக்கும்.

செய்தியள் இப்பிடி வரத் தொடங்கினது. இண்டைக்குப் பாண் மட்டும். இண்டைக்கு நூடில்ஸ் ரெண்டு. இண்டைக்கு வரேல்ல. இண்டைக்கும் வரேல்ல. இண்டைக்கு வந்தவள் அக்கா, ஒண்டும் வாங்கேல்ல, சும்மா கதைச்சுக்கொண்டு நிண்டவள், ஒரு மணித்தியாலம் நிண்டவள், கடையில ஆள் வர ஒதுங்கி நிண்டு, ஆள் போனாப்பிறகு திரும்ப வந்து கதைச்சவள். வீட்டை போக மனமில்லைப் போல. கண் வீங்கியிருந்தது.

கண் வீங்கியிருந்தது எண்டால், நான் என்ன செய்யிறது? சொல்லுங்கோ. லண்டன் தட்டு எனக்கு முன்னால போய்க்கொண்டிருக்கு. அந்தத் தட்டு இரவைக்கு ஏறி விடிய அங்க இறங்கும். நான் அதில ஒரு கோப்பையை வைக்கிறன், நான் போகேலாது. இவருக்கு அப்பதான் முழங்கால் ஒப்பரேசன் முடிஞ்சு கட்டிலில கிடந்தார். அப்பிடிப் போனாலும் என்ன சொல்லிப் போறது? வாசலில போய் நிண்டு, சும்மா வந்தனான் எண்டு சொல்லுறதோ? தம்பியைப் போகச் சொல்லலாம். அவன் என்னெண்டு போவான், அஞ்சு மணித்தியாலம் ஓடி, போற வழியில வந்தனான் எண்டு சொல்லியோ?

"நேர கேளும்," எண்டார் இவர் கட்டிலில இருந்து. "அழுதனியோ எண்டு கேளும்."

"ஆர் சொன்னது எண்டு கேட்டால்?"

"சொல்லும்."

"சொன்னால் அந்தக் கடைக்குப் போகமாட்டாள். அந்தக் கடையும் இல்லையெண்டால் அவளுக்கு ஆர் இருக்கினம்?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இதுதான் என்ர நிலைமை. பிள்ளை கஷ்டப்படுகுது எண்டு தெரியும், தெரியும் எண்டு சொல்லேலாது. ஞாயிற்றுக்கிழமை அவள் போனில சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறன். "சாப்பிட்டியோ?" எண்டால் "ஓம்" எண்டுவாள். நூடில்ஸ் எண்டு எனக்குத் தெரியும். "ஆக்களோட பழகுறியோ?" எண்டால் "எல்லாரும் அவ்வளவு நல்லம்" எண்டுவாள். ஒரு நாள் எனக்குத் தாங்காமல், "வீட்டை வாவன் பிள்ளை, போதும்" எண்டு வாய் விட்டிட்டன். "ஏன் அம்மா? இஞ்ச எல்லாம் நல்லாத்தானே போகுது," எண்டாள். அந்தக் குரலில ஒரு கீறல் கூட இல்லை. நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினதைத் தவிர ஒண்டும் செய்யேல்ல.

தை மாசம் தங்கச்சி சொன்னா, பிள்ளைக்குச் சரியான இருமல். ரெண்டு கிழமையாப் போகேல்ல. நெஞ்சுக்குள்ள இருந்து வருகுது. கடையில நிக்கேக்க நிப்பாட்ட ஏலாமல் இருமினவள்.

அந்த ஞாயிறு போன் வந்தது. அவள் இருமேல்ல. இருமல் வராமல் வாயை மூடிக்கொண்டிருந்தவளோ, மருந்து குடிச்சவளோ தெரியாது. மழை, வெள்ளம், ஆறு பாலத்துக்குக் கிட்ட வந்திட்டுது எண்டு ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். என்ர காதில ஒண்டும் ஏறேல்ல. நான் அந்த இருமலையே நினைச்சுக்கொண்டிருந்தன். அவள் சொல்லி முடிக்க முதல் என்ர வாய் திறந்திட்டுது.

"பிள்ளை, அந்த இருமலுக்கு மல்லியும் இஞ்சியும் போட்டு அவிச்சுக் குடி. நாட்டுச் சாமான் எண்டு தேடித் திரியாதை, அவவின்ர கடையில மல்லி இருக்கு, பின் தட்டில வச்சிருக்கிறா."

சொல்லி முடிஞ்ச பிறகுதான் எனக்குக் கேட்டது நான் என்ன சொன்னன் எண்டு.

அந்தப் பக்கம் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. அதுவும் நிண்டுது.

"ஆரின்ர கடையில அம்மா?"

ஏதாவது புளுகியிருக்கலாம். எவ்வளவோ புளுகினவள் நான், அண்டைக்கு ஒரு புளுகும் வாயில வரேல்ல. "பிள்ளை..." எண்டன்.

"முதலில இருந்தேயோ?"

"ஓம்."

நான் போனைக் காதில இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிச்சன். கத்தப்போறாள் எண்டு நினைச்சன். கத்தட்டும், நான் ஏச்சு வாங்க வேண்டியவள்தான், கத்தி முடிய அழுவாள், அழ எல்லாம் வெளியில வரும், வேலை போனதும் வரும், வாறன் அம்மா எண்டும் வரும். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசமே வந்தது, சத்தியமா.

அவள் கத்தேல்ல. நல்ல மெதுவா, ஒரு கதவைத் தட்டிக் கேக்கிற மாதிரிக் கேட்டாள். "அவ என்னை லவ் எண்டு கூப்பிட்டதும் நீங்கள் சொல்லித்தானோ அம்மா?"

"ஐயோ மாதாவே, இல்லை! அது நான் சொல்லேல்ல. அது அவ தானாச் சொன்னது. அவவுக்கு உன்னில சரியான விருப்பம் பிள்ளை, உன்ர கேக்கைப் பற்றி எத்தினை தரம்..."

கேக்கையும் சொல்லிப்போட்டன். என்ர வாயில மண்.

"ரைட்," எண்டாள். "ஓகே. பரவாயில்லை அம்மா. நீங்கள் கவலையில செய்திருப்பியள், எனக்கு விளங்குது." பிறகு ஏதோ அலுவல் இருக்கெண்டு சொல்லி வச்சிட்டாள்.

அந்த ஊரில அவளிட்ட ஒண்டும் கேக்காமல், தானா அன்பா இருந்த ஒரே ஆள் எண்டு ஒருத்தியை நினைச்சிருந்தாள். அதையும் நான் பறிச்சுப்போட்டன். அந்த அன்பு உண்மை எண்டு நான் எந்தச் சாமியைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாலும் அவள் ஏன் நம்ப வேணும்? நான்தானே சொல்லுறன்.

பிறகு அவள் அந்தக் கடைக்குப் போகேல்ல. தங்கச்சி மல்லியும் இஞ்சியும் ஒரு பையில போட்டுக்கொண்டு, கடையைப் புருசனிட்ட விட்டிட்டு, வீட்டுக்கே போயிருக்கிறா. மகள் கதவைத் திறந்து, சிரிச்சு, "எவ்வளவு நல்லம் நீங்கள், இதுக்கெண்டு வந்திருக்கிறியள்" எண்டு ரெண்டு தரம் நன்றி சொல்லி, பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினவளாம். உள்ள வாங்கோ எண்டு சொல்லேல்ல. எனக்கு அதைச் சொல்லிச் சொல்லித் தங்கச்சி அழுதவ. "அக்கா, ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பன்," எண்டா. நாங்கள் ரெண்டு பேரும் போனைப் பிடிச்சுக்கொண்டு மூக்கை உறிஞ்சினம். இப்ப அவவுக்கு நான் போன் எடுக்கிறேல்ல, அவவும் எடுக்கிறேல்ல. எடுத்து என்னத்தைக் கேக்கிறது?

மகள் அடுத்த ஞாயிறும் எடுத்தவள். அதுக்கடுத்த ஞாயிறும். ஒரு நாளும் தவறேல்ல. பின்னேரம் ரெண்டு மணிக்கு மணிக்கூடு மாதிரி. அப்பாவின்ர முழங்கால் எப்பிடி, அங்க பனி எவ்வளவு, எல்லாம் விசாரிப்பாள். இருமல் எப்பிடி எண்டு நான் கேக்கப் பயந்து கேக்கேல்ல. வேலை திரும்பத் தொடங்கினதோ எண்டு தெரியாது. என்ன சாப்பிடுறாள் எண்டு தெரியாது. எங்க பாண் வாங்கிறாள் எண்டும் தெரியாது. இருபது நிமிசம் கதைக்கிறாள், எனக்கு ஒண்டும் தெரியாது.

போன ஞாயிறு என்னால ஏலாமப் போச்சு. "பிள்ளை," எண்டன், "என்னை ஏசு. நான் செய்தது பிழை. உனக்குக் கோவம் இருக்கு, எனக்குத் தெரியும். அப்பாவும் பக்கத்தில இல்லை. நல்லாக் கத்தி ஏசு. பிரெஞ்சில ஏசு, எனக்கு விளங்காட்டிலும் காரியமில்லை. உன்ர வாயால என்னை நாலு சொல்லுச் சொல்லு ராசாத்தி, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

"இல்லை அம்மா, அப்பிடி ஒண்டும் இல்லை," எண்டாள். "உங்களில எனக்குக் கோவமே இல்லை. அதை விடுங்கோ."

"அப்ப வீட்டை வாறியோ?"

"பார்ப்பம் அம்மா."

பின்னால எங்கையோ ஒரு இருமல் கேட்டது. அவளோ, வீட்டுக்காரரோ எண்டு என்னால சொல்லேலாமல் இருந்தது. கேக்கவும் ஏலாமல் இருந்தது.

"சரி அம்மா, உங்களுக்கு அலுவல் இருக்கும்," எண்டாள். "கதைச்சதுக்கு தாங்க் யூ."

பெத்த பிள்ளை. பஸ்ஸால இறங்கேக்க ட்ரைவருக்குச் சொல்லுற மாதிரி. "யு ஆர் வெல்கம்," எண்டன்.